கைதட்டல் கேட்கிற ஹெட்ஃபோன்

எனக்குப் பாட்டுப் பைத்தியம் கிடையாது. கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷமாக டோக்கன் நம்பர் கூப்பிடுகிறேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரிடம் "சொட்டு மருந்து விட்டாச்சா? கண்ணை மூடிட்டு உக்காருங்க, திறக்காதீங்க" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவளுக்கு வேண்டியது அமைதிதான். அப்படிப்பட்டவள் மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டைத் தியாகம் பண்ணிவிட்டு எதிர்த்தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஹெட்ஃபோன் ஹெட்ஃபோனாக மாட்டிக் கழற்றிக்கொண்டு நின்றேன் என்றால், காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் பெயிண்டர். நல்ல வேலைக்காரர், நல்ல வாய்க்காரரும்கூட. என்னிடம் முதல்முதலாகப் பேசிய அன்றைக்கே அந்தக் கதையைச் சொல்லிவிட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வராந்தாவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறார். உள்ளே ஒரு பாட்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பாடினவர்கள், வாசித்தவர்கள் எல்லோரும் கிளம்பியாயிற்று. கைதட்டல் மட்டும் பாக்கி, தட்ட ஆள் இல்லை. உதவி இசையமைப்பாளர் வெளியே வந்து வாட்ச்மேன், டிரைவர், டெலிபோன் எடுக்கிறவர், ஏணிமேல் நின்றிருந்த இவர் என்று கண்ணில் பட்ட எட்டுப் பேரை உள்ளே இழுத்துப்போய் மைக் முன்னால் நிறுத்திவிட்டார். அந்தப் பாட்டு பிற்பாடு ஓகோ என்று ஓடியது. பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கதையை விட்டுவிட்டு அதைக் கேட்கப் போய்விடுவீர்கள்.

"ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிவிட்டான் பாரு" என்று இவர் ஆரம்பிப்பார். "கறுப்பா, பெருசா, காதையே முழுங்குற மாதிரி. டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் ஒயரு. பாட்டு அப்படியே மண்டைக்குள்ள எறங்குச்சு. தட்டுன்னான், தட்டினோம். கன கச்சிதம். அந்த டிரைவர் ஒருத்தன்தான் கடைசித் தட்டை லேட்டாத் தட்டித் தொலைச்சான். முட்டாப்பய! எல்லார் எதிர்லயும் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்."

இந்தக் கதையை நான் இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், கேஸ் சிலிண்டர் போட வருகிறவர், மகளுடைய கணக்கு டீச்சர் என்று எல்லோரும் கேட்டாயிற்று. டீக்கடையில் அந்தப் பாட்டு வந்தால் போதும், "இந்தா, இப்ப வரும், இது நான்" என்று விரலை உயர்த்துவார். ஒன்றும் வராது. டிரம் சத்தம் வரும், கடைசியில் 'ஜிங்' என்று டிரம்மோடு இருக்கிற பித்தளைத் தாளத் தட்டு ஒலிக்கும். கைதட்டலாவது மண்ணாவது. எங்கள் ரேடியோவிலும் கேட்டதில்லை, டிவியிலும் கேட்டதில்லை, செல்போனிலும் கேட்டதில்லை. "ஆமாமா, நீங்கதான் பாடினதே" என்று நான் கிண்டல் பண்ணுவேன். அவரும் சிரிப்பார். வீட்டில் அது ஒரு விளையாட்டாக இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். யாரோ போனில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். இவர் விரலை உயர்த்திக்கொண்டு கதையை ஆரம்பித்தார்.

"அப்பா, போதும்ப்பா" என்றாள் மகள். "பொறந்ததிலேருந்து கேக்குறேன், ஒரு தட்டுகூடக் கேட்டதில்ல. நீங்க வெளில செவத்துக்கு ப்ரைமர் அடிச்சிட்டு இருந்திருப்பீங்க. உள்ள யாரோ தட்டியிருப்பாங்க."

வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இவர் உயர்த்தின விரலை மடக்கி, அதே கையால் கன்னத்தைச் சொறிந்துகொண்டார். "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டார். கேட்டதற்குப் பதில், சாப்பாடு, தூக்கம். இன்னொன்றும் நடந்தது. இவர் ஒருநாளும் காலிங் பெல் அடித்ததில்லை. கையெல்லாம் பெயிண்ட், சுவிட்ச் அழுக்காகிவிடும் என்று வாசல் கேட்டில் நின்று இரண்டு தடவை கைதட்டுவார். காய்ப்பு ஏறின உள்ளங்கையைக் குழித்துத் தட்டுகிற ஆள். 'டொப், டொப்' என்று கேட்கும். "பெல் என்ன, அழகுக்கா வெச்சிருக்கு?" என்று நான் தினம் கத்திக்கொண்டேதான் போய்த் திறப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இவர் முழங்கையால் பெல்லை அழுத்த ஆரம்பித்தார். நான்கு நாள் அந்தப் பெல் சத்தத்துக்குக் கத்தாமல் போய்த் திறந்தேன்.

மகளைத் திட்டி என்ன பிரயோசனம்? அவள் "சாரிப்பா" என்று அன்று ராத்திரியே சொல்லிவிட்டாள். அவருக்கு வேண்டியது சாரி இல்லை. அந்தத் தட்டு கேட்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி லேப்பில் இருக்கிற பையன்தான் சொன்னான், நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் பாட்டில் இருக்கிற தும்மல்கூடக் கேட்கும் என்று. சரி, முதலில் நான் கடையிலேயே தனியாகக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு பண்ணினேன். கைதட்டல் இருந்தால் வாங்குவேன். இல்லாவிட்டால், இந்த ஆள் இருபத்தைந்து வருஷம் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். அப்படியிருந்தால் வாங்கவும் வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம், என்னோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, அப்படி ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் குடும்பம் நடத்திவிடுவேன் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை.

கடையில் ஹெட்ஃபோன் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள்.

"மேடம், என்ன மாதிரி பாக்குறீங்க? போன் பேசவா, பாட்டு கேக்கவா?"

"பாட்டு."

"டிரம் எல்லாம் அதிர்ற மாதிரி பேஸ் நல்லா வேணுமா?"

"எனக்குக் கைதட்டல் வேணும்மா."

ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, அதிகம் விற்கிறது இதுதான் என்று பளபளவென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மாட்டினேன். அப்பப்பா! தலைக்குள் லாரி போகிற மாதிரி இருந்தது. டிரம் மட்டும் தாம் தூம் என்று குதித்தது. பாடுகிற அம்மாள் எங்கோ பக்கத்துத் தெருவில் பாடினாள். ஐந்து நிமிஷத்தில் தலைவலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரி மணியும் அடித்துவிட்டது.

இரண்டாம் நாள் காதுக்குள் செருகுகிற குட்டிச் சாமான் ஒன்று கொடுத்தாள். வெளிச் சத்தத்தை அடியோடு நிறுத்திவிடுமாம். நிறுத்தியது, உண்மைதான். கடைக்காரப் பெண் வாயை அசைப்பது தெரிந்தது, சத்தமே வரவில்லை. எனக்கு அது பிடித்துவிட்டது. டோக்கன் கவுண்டருக்கு ஒன்று வாங்கலாமா என்றுகூட நினைத்தேன். பாட்டும் முந்தின நாளைவிடத் தேவலை. ஆனால் தட்டு கேட்கவில்லை. டிரம்மோடு சேர்ந்து 'சப்' என்று என்னவோ ஒட்டிக்கொண்டு வந்தது. அது கையா, குச்சியா, என் ஆசையா என்று சொல்லத் தெரியவில்லை.

"மேடம், அப்படி யார் தட்டினது?" என்று அந்தப் பெண் கேட்டாள். கேட்டவளுக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். அவள் பாதி சிரித்தாள், பாதி யோசித்தாள்.

"நாளைக்கு வாங்கக்கா" என்றாள். மேடம் அக்காவாகிவிட்டேன். "உங்க போன்ல இருக்குறது அமுக்கிச் சின்னதாக்கின பாட்டு. நல்ல பதிவா ஒண்ணு நான் எடுத்து வைக்கிறேன். ஹெட்ஃபோனும் வேற ஒண்ணு இருக்கு. யாரும் வாங்குறதில்ல, பாக்க நல்லா இருக்காது."

மூன்றாம் நாள் போனேன். உள் அலமாரியிலிருந்து எடுத்துவந்தாள். கறுப்பு. பெரிசு. காதையே முழுங்குகிற மாதிரி. டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் ஒயர். அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"இது எதையும் அழகு பண்ணிக் காட்டாதுக்கா" என்றாள். "பாட்டுல என்ன இருக்கோ அது. சுமாரா இருந்தா சுமாராத்தான் கேக்கும்."

மாட்டினேன். முதலில் ஏமாற்றமாக இருந்தது. தாம் தூம் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. பாடுகிறவள் மூச்சு இழுப்பது கேட்டது. டிரம் ஒரு பக்கம் இருந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால், வலது பக்கமாக, ஒரு கூட்டம் தட்டிக்கொண்டிருந்தது.

கைகள்! குச்சி இல்லை, மெஷின் இல்லை. ஏழெட்டு ஜோடிக் கைகள். ஒன்று சுள்ளென்று, ஒன்று மெத்தென்று. கடையின் நடுவில் நின்று, "இருக்குடி! இருக்கு!" என்று கத்திவிட்டேன். காதை மூடிக்கொண்டு பேசினால் நாம் கத்துவது நமக்குத் தெரிவதில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் என் கையைத் தொட்டு, இன்னும் முடியவில்லை, கேளுங்கள் என்று ஜாடை காட்டினாள். அவள் முந்தின நாளே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. பாட்டு கடைசியில் சட்டென்று நிற்கும். டிரம்மும் கைதட்டலும் ஒன்றாக விழும், 'ஜிங்' என்று தாளத் தட்டு இழுக்கும். அந்த இழுப்புக்கு அடியில், எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகு, ஒரே ஒரு கை தனியாக விழுந்தது.

டொப்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பப் போடச் சொன்னேன். திரும்பவும் டொப். எத்தனை ஆயிரம் தடவை எங்கள் வீட்டுக் கேட்டில் கேட்டிருக்கிறேன்! தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து போய்த் திறந்துவிடுவேன். லேட்டாகத் தட்டின அந்த முட்டாப்பய டிரைவர் இல்லை, என் வீட்டுக்காரர்.

முதலில் சிரிப்பு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அங்கே நின்றிருக்கிறார், தட்டியிருக்கிறார். உடனே கோபமும் வந்தது. பாவம், அந்த டிரைவர். யார் பெற்ற பிள்ளையோ, இருபத்தைந்து வருஷம் எங்கள் வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறான். கோபம் அடங்கின பிறகுதான் சிக்கல் புரிந்தது. இவர் அந்தப் பாட்டில் இருக்கிறார் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தத் தப்பான தட்டுதான். மற்ற தட்டெல்லாம் கூட்டத்தோடு கூட்டம், எது யாருடையது என்று ஆண்டவனுக்கே தெரியாது. அதை நான் மகளிடம் காட்டினால், அப்பா பொய்யர் இல்லை என்று ஆகும், அப்பாதான் அந்த முட்டாள் என்றும் ஆகும். காட்டாவிட்டால் பெல் சத்தம்தான்.

வாங்கிவிட்டேன். பாட்டையும் அந்தப் பெண் என் போனில் ஏற்றிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இவர் பின்பக்கம் உட்கார்ந்து பிரஷ்களைத் தின்னரில் முக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கொண்டுபோய் அவர் எதிரில் வைத்தேன்.

"என்ன இது?"

"கையத் தொடச்சிட்டு உள்ள வாங்க."

கூடத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பெட்டியைத் திறந்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சந்தோஷமாக இல்லை. பயந்த முகம் அது.

"போடுங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

இரண்டு கையாலும் எடுத்தார். பட்டையை மோவாய்க்குக் கீழே தொங்கவிட்டு, டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாட்டுகிற மாதிரி காதில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மகளும் பேனாவை மூடிவிட்டுப் பார்த்தாள். இதை ஒருதடவை தலையில் மாட்டினவன்கூட இப்படிப் பிடிக்க மாட்டான்.

எடுத்து நேராக மாட்டிவிட்டேன். பாட்டைப் போட்டேன். அசையாமல் கேட்டார். கால் கட்டைவிரல் மட்டும் ஆடியது. சரியாக அந்த இடம் வந்திருக்க வேண்டும், கண்ணை இறுக்கி மூடினார். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஒண்ணும் கேக்கல" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கேட்கலையா? என் காதில் விழுந்தது உங்கள் காதில் விழவில்லையா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் கத்திப் பிழைத்த வாய். அன்றைக்கு ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்வதானால் அவர்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா, விடும்மா" என்றாள் மகள். "எதுக்கு இப்ப அப்பாவைப் போட்டு..." குரல் பரிதாபமாக இருந்தது. அந்தப் பரிதாபம்தான் அவரைக் குத்தியிருக்க வேண்டும். அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பாப்பா, இங்க வா."

வந்தாள். அவள் தலையில் மாட்டிவிட்டார், இந்தத் தடவை நேராக.

"பாட்டு சட்டுனு ஒரு எடத்துல நிக்கும். எல்லாரும் தட்டி முடிச்சிருவாங்க. அதுக்கப்புறம் ஒண்ணு தனியா விழும். அது நான்."

அவள் ஒரு காதை நகர்த்தினாள். "லேட்டாத் தட்டினது டிரைவர்னுதானேப்பா சொல்வீங்க?"

"டிரைவர் நல்லாத்தான் தட்டினாரு. லேட்டாத் தட்டினது நான். வாங்கிக் கட்டிக்கிட்டதும் நான்தான்." ஹெட்ஃபோன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டார். "எட்டுப் பேரு நின்னோம். ஹெட்ஃபோன் ஏழுதான் இருந்துச்சு. நான் எட்டாவது ஆளு. மத்தவங்க காதுல பாட்டு ஓடுது, என் காதுல ஏசி சத்தம். பக்கத்து ஆள் கையைப் பாத்துப் பாத்துத் தட்டினேன். பாட்டு முழுக்க எப்படியோ சமாளிச்சிட்டேன். அந்த நிக்கிற எடம் வர்றது எனக்குத் தெரியாதுல்ல? அவன் கை விழுந்ததைப் பாத்துட்டுத்தான் நான் தட்டினேன்."

"எனக்கு ஹெட்ஃபோன் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானேங்க!" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அழுகிற மாதிரி இருந்தது.

"பெயிண்ட் கறையோட உள்ள விட்டதே பெருசு. இதுல எனக்கும் ஒண்ணு குடுங்கன்னு எப்படிக் கேக்குறது? வேணாம், போன்னு சொல்லிட்டாங்கன்னா? மறுபடி எடுக்க நேரமில்ல, தாளச் சத்தத்துல அமுங்கிடும் விடுன்னுட்டாங்க. பாட்டை நான் முதல்ல கேட்டதே மூணு மாசம் கழிச்சு டீக்கடையிலதான்."

மகள் ஹெட்ஃபோனைச் சரிப்படுத்திக்கொண்டாள். நான் பாட்டைப் போட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அந்த இடம் வந்ததும் தலை நிமிர்ந்தது.

"அம்மா!" என்று கத்தினாள், காது மூடியிருக்கிறவர்கள் கத்துகிற மாதிரி. "கேட்டுல தட்டுற சத்தம்மா இது! அப்பாதான்! நம்ம அப்பா!"

அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவர் தின்னர் நாற்றம் அடிக்கிற கையால் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். "சரி, சரி. எடு அதை, உடைச்சிராத" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "முதல்லேருந்து ஒருதடவை போடேன்" என்றார் என்னிடம். "நின்னு கேக்குறேன்."

எழுந்து கூடத்து நடுவில் நின்றார். மாட்டிக்கொண்டார். பாட்டு ஓட ஓட, பாதியிலிருந்து மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். எங்களுக்குப் பாட்டு கேட்கவில்லை, அவர் கை மட்டும்தான் கேட்டது. டொப், டொப், டொப். யார் கையையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். அந்த இடத்தில் ஒரு தட்டு அழுத்தி விழுந்தது. அத்தோடு கை நின்றது. உடனே அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நான் கரெக்டாத் தட்டிட்டேன்!" என்று கத்தினார். "எனக்கப்புறம்தான் தட்டுறான் அவன், முட்டாப்பய!"

மறுநாள் சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். கேட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

"பெல் என்ன, அழகுக்கா வெச்சிருக்கு?" என்று கத்திக்கொண்டே போய்த் திறந்தேன்.